ஹார்ட் டிஸ்க் திறக்கவில்லையா? முதலில் எதையும் செய்யாதீர்கள்

“இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபோர்மட் செய்ய வேண்டும். ஃபோர்மட் செய்யவா?”

வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கைக் கணினியில் சொருகியதும் விண்டோஸ் இப்படிக் கேட்டால் அதற்குப் பதில் ஒன்றுதான்: வேண்டாம். அந்தப் பெட்டியை மூடுங்கள். டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். இந்தக் கட்டுரையில் இதற்கு மேல் எதையும் வாசிக்க நேரமில்லை என்றாலும் இதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

கடந்த சில ஆண்டுகளாக வன்னியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைச் சந்தித்து எழுதி வருகிறேன். பல வீடுகளில் ஒரே மாதிரியான ஒரு பை இருக்கிறது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த விண்ணப்பங்களின் துண்டுகள் ஆகியவற்றுடன், பொலித்தீன் சுற்றிய ஒரு ஹார்ட் டிஸ்க் அல்லது பென் டிரைவ். வெளிநாட்டு உறவினர்கள் தங்களிடம் மிஞ்சியிருந்த படங்களை ஸ்கேன் செய்து அனுப்பியவை அதற்குள் இருக்கும். பழைய கசட்டிலிருந்து மாற்றிய கலியாணவீட்டுக் காணொளி இருக்கும்.

“படம் போனால் அல்பத்திலிருந்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்” என்று சொல்வது எளிது. எங்களில் பலருக்கு அல்பம் இல்லை. அது இடம்பெயர்ந்த வழியில் எங்கோ, ஏதோ ஒரு பதுங்குகுழியில் போய்விட்டது. அதனால் எங்களுடைய டிஸ்க் பழுதானால் அது பிரதியின் இழப்பு அல்ல, மூலத்தின் இழப்பு. ஆனால் பெரும்பாலான பழுதுகளில் கோப்புகள் உடனே அழிந்துவிடுவதில்லை. பழுது தெரிந்த முதல் சில மணித்தியாலங்களில் பதற்றத்தில் நாம் செய்பவைதான் அவற்றை அழிக்கின்றன. எதைச் செய்யக்கூடாது, எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஹார்ட் டிஸ்க்குக்குள் காந்தப் பூச்சுள்ள தட்டுகள் சுழல்கின்றன. வெளிப்புற டிஸ்க்குகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. தட்டைத் தொடாமல், சில நனோமீற்றர் உயரத்தில் மிதந்தபடி ஒரு சிறிய தலை வாசிக்கிறது. எங்கள் தலைமயிரின் தடிப்புப் பல பத்தாயிரம் நனோமீற்றர். அந்த இடைவெளியில் ஒரு தூசு அகப்பட்டால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

தட்டில் இரண்டு வகையான விடயங்கள் எழுதப்பட்டுள்ளன. ஒன்று, கோப்புகள். மற்றது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை. நூலகத்தின் புத்தகங்களும் அதன் பட்டியலும் போல. பட்டியல் கிழிந்துபோனால் புத்தகங்கள் இராக்கைகளில் அப்படியே இருக்கும். தேடி எடுக்கத்தான் வழி தெரியாது. “ஃபோர்மட் செய்யவா” என்று விண்டோஸ் கேட்பது, தனக்குப் பட்டியலை வாசிக்க முடியவில்லை என்பதால்தான். புத்தகங்கள் இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

பட்டியல் பழுதாகப் பல காரணங்கள் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது வயரை இழுத்துவிடுவதும் மின்சாரம் திடீரென்று போவதும் முக்கியமானவை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம்.

எந்த வகைப் பழுது?

சொருகியதும் காதைக் கொடுங்கள். டிஸ்க் “டிக்… டிக்… டிக்…” என்று ஒரே தாளத்தில் அடிக்கிறதா? மெல்லிய பீப் ஒலி எழுப்பிவிட்டுச் சுழலாமல் நிற்கிறதா? அரைக்கும் சத்தம் வருகிறதா? கீழே விழுந்த டிஸ்க்கா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றால் அது உடற்பழுது. உடனே கழற்றுங்கள். மென்பொருள் எதுவும் உதவாது. ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் தலை தட்டைச் சுரண்டக்கூடும். சுரண்டிய இடம் எவராலும் மீட்க முடியாதது.

சத்தம் வழமைபோல இருந்தால் முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். வெளிப்புற டிஸ்க்குகளின் அகன்ற தட்டையான முனை காலப்போக்கில் தளர்ந்துவிடும். மேசைக் கணினியானால் பின்பக்கத் துளையில் நேரடியாகச் சொருகுங்கள். பல துளைகள் உள்ள யூஎஸ்பி ஹப் சில டிஸ்க்குகளுக்குப் போதிய மின்சாரம் கொடுக்காது. “பழுது” என்று வந்தவற்றில் சில இத்துடனேயே திறந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, விண்டோஸ் பொத்தானில் வலது கிளிக் செய்து “டிஸ்க் மனேஜ்மென்ட்” பகுதியைத் திறவுங்கள். அங்கே எதையும் மாற்ற வேண்டாம். பார்க்க மட்டும்தான். டிஸ்க்கின் அளவு சரியாகத் தெரிந்து, பக்கத்தில் “ரோ” என்றிருந்தால் பட்டியல்தான் பழுது, நம்பிக்கை அதிகம். அளவு பூச்சியமாகவோ தாறுமாறாகவோ காட்டினால் மின்சுற்றிலோ தலையிலோ பழுது இருக்கலாம். “இனிஷலைஸ் செய்யவா” என்று கேட்டால் அதற்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

பழுதே இல்லாத இரண்டு சந்தர்ப்பங்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய டிஸ்க் ஆப்பிள் மேக் கணினியில் ஃபோர்மட் செய்யப்பட்டதாக இருக்கலாம். அந்தப் பட்டியலின் மொழி விண்டோஸுக்குத் தெரியாது. அதனால் ஃபோர்மட் செய்யச் சொல்லும். அனுப்பியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இன்னொன்று, பென் டிரைவுக்குள் ஃபோல்டர்களுக்குப் பதிலாகக் குறுக்குவழிக் குறிகள் மட்டும் தெரிவது. அது ஒரு வைரஸின் வேலை. கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. குறுக்குவழிகளைத் திறக்காமல், மறைந்த கோப்புகளையும் கணினியின் பாதுகாக்கப்பட்ட கோப்புகளையும் காட்டும்படி அமைப்பை மாற்றினால் அவை தெரியும்.

செய்யக்கூடாத ஐந்து

ஒன்று: ஃபோர்மட். விரைவு ஃபோர்மட் பட்டியலை மட்டும் புதிதாக எழுதும்; அதற்குப் பிறகும் ஓரளவு மீட்கலாம். விரைவு என்ற தெரிவை எடுத்துவிட்டு முழு ஃபோர்மட் செய்தால், விஸ்டாவுக்குப் பிந்திய விண்டோஸ் டிஸ்க் முழுவதும் பூச்சியங்களை எழுதிவிடும். அதன் பிறகு ஒன்றும் இல்லை.

இரண்டு: “செக் டிஸ்க்” எனப்படும் பிழைதிருத்தல். அதன் வேலை பட்டியலை ஒழுங்காக்குவது. உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அதன் வேலை அல்ல. தனக்குப் புரியாத பதிவுகளை வெட்டி எறிந்துவிடும். பிரதி எடுக்கும் முன் அதை ஓடவிடக்கூடாது.

மூன்று: மீட்ட கோப்புகளை அதே டிஸ்க்கில் சேமிப்பது. இன்னும் மீட்காத கோப்பின் மேல்தான் அது எழுதப்படும்.

நான்கு: டிஸ்க்கின் மூடியைத் திறந்து பார்ப்பது. காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். வெளிப்புறப் பிளாஸ்டிக் பெட்டி வேறு. அதை அனுபவமுள்ளவர் கழற்றலாம். ஆனால் சில வகைகளில் யூஎஸ்பி முனை டிஸ்க்கின் சொந்தச் சுற்றிலேயே இருக்கும், தகவலும் அந்தச் சுற்றினாலேயே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். ஆகவே பெட்டியையும் சுற்றையும் எறியாதீர்கள்.

ஐந்து: குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது, தட்டிப் பார்ப்பது போன்ற கைவைத்தியங்கள். வெளியே எடுத்ததும் எங்கள் வெக்கையில் உள்ளே ஈரம் படியும்.

முதலில் முழுப் பிரதி

மீட்பில் அனுபவம் உள்ளவர்கள் பழுதான டிஸ்க்கில் நேரடியாக வேலை செய்வதில்லை. அதன் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, வெற்றிடம் உட்பட, அப்படியே ஒரு முழுப் பிரதி எடுக்கிறார்கள். பிறகு எல்லாப் பரிசோதனையும் பிரதியில்தான். பிரதி கெட்டால் மூலம் இருக்கிறது.

இதற்கு ‘டிடிரெஸ்கியூ’ என்ற இலவச மென்பொருள் உண்டு. முதலில் இலகுவாக வாசிக்கக்கூடிய பகுதிகளை எல்லாம் எடுத்துவிட்டு, பழுதான பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதை வாசித்தேன், எதை விட்டேன் என்று தனிக் கோப்பு ஒன்றில் குறித்துக்கொள்ளும். இடையில் மின்சாரம் போனால் மறுபடி தொடக்கத்திலிருந்து வரவேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டிடிரெஸ்கியூ லினக்ஸில் ஓடுவது. ‘சிஸ்டம்ரெஸ்கியூ’ என்ற லினக்ஸ் தொகுப்பைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியைத் தொடக்கினால் அதற்குள்ளேயே இருக்கும். பழுதான டிஸ்க்கைவிடக் கொள்ளளவு கூடிய இன்னொரு டிஸ்க் தேவை.

ஒரே ஒரு ஆபத்து: எது மூலம், எது பிரதி என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்று டிஸ்க் உங்கள் படங்களின் மேல் எழுதப்படும். இரண்டு டிஸ்க்குகளின் கொள்ளளவையும் தொடரிலக்கத்தையும் கடதாசியில் எழுதி, திரையில் உள்ளதோடு ஒப்பிட்ட பிறகே தொடங்குங்கள். லினக்ஸ் பழக்கமில்லாதவர் பழக்கமுள்ள ஒருவரை அருகில் வைத்துச் செய்வது நல்லது. பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் பிள்ளை உங்கள் ஊரிலும் இருக்கும்.

கோப்புகளை எடுத்தல்

பிரதி கிடைத்த பிறகு இரண்டு வழிகள். முதல் வழி பட்டியலைச் சீராக்குவது. ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற இலவச மென்பொருள், தொலைந்துபோன பிரிவுகளைத் தேடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை தன் தொடக்கப் பகுதிக்கு இன்னொரு பிரதியைப் பிரிவின் கடைசியில் வைத்திருக்கிறது. டெஸ்ட்டிஸ்க் அதைக்கொண்டு முன்பகுதியைத் திருத்தும். இது சரிவந்தால் ஃபோல்டரும் பெயருமாக எல்லாம் திரும்பி வரும்.

அது முடியாவிட்டால் இரண்டாவது வழி: பட்டியலை மறந்துவிட்டு இராக்கை இராக்கையாகத் தேடுவது. டெஸ்ட்டிஸ்க்குடன் சேர்ந்தே வரும் ‘போட்டோரெக்’ இதைச் செய்கிறது. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 255, 216, 255 என்ற மூன்று பைட்டுகளுடன் தொடங்கும். மற்ற வகைக் கோப்புகளுக்கும் இப்படி அடையாளங்கள் உண்டு. போட்டோரெக் 480க்கும் மேற்பட்ட கோப்பு வகைகளை இப்படி அடையாளம் காணும். ஆனால் கோப்பின் பெயரும் ஃபோல்டரும் பட்டியலில்தான் இருந்தன. அவை திரும்பாது. வெறும் இலக்கங்களையே பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான கோப்புகள் கிடைக்கும். துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்டிருந்த பெரிய காணொளிகள் பெரும்பாலும் முழுமையாக வராது.

கிளிநொச்சியைச் சேர்ந்த ஒரு அக்காவின் டிஸ்க்கில் இதுதான் நடந்தது. அவருடைய தம்பி 2009க்குப் பிறகு இல்லை. “ஃபோர்மட் பண்ணினால் சரிவரும் எண்டு கடையில சொன்னவங்கள் தம்பி. எனக்கு மனம் வரேல்ல, திருப்பிக் கொண்டுவந்திட்டன்” என்றார். அவர் எடுத்த முடிவுதான் எல்லாவற்றையும் காப்பாற்றியது. நானும் கணினி தெரிந்த ஒரு நண்பரும் பிரதி எடுக்க இரண்டு இரவுகள் ஆயின. சில மெகாபைட் மட்டும் கடைசிவரை வாசிக்கப்படவில்லை. துரதிர்ஷ்டமாக, பட்டியலின் பெரும்பகுதி அந்தப் பழுதான இடத்தில்தான் இருந்தது. போட்டோரெக்தான் கைகொடுத்தது.

வந்த கோப்புகளில் பாதிக்கு மேல் குப்பை: இணையத்தில் பார்த்த படங்கள், சிறிய மாதிரிப் படங்கள். அளவின்படி வரிசைப்படுத்திச் சிறியவற்றை ஒதுக்கினோம். மிச்சத்தில் எது முக்கியம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தது அக்காவுக்கு மட்டும்தான். மூன்று பின்னேரங்கள் திரைக்கு முன் இருந்து பார்த்தார். கோவில் திருவிழாவில் முதுகு காட்டி நிற்கும் ஒரு பெடியனைச் சட்டையை வைத்தே அடையாளம் சொன்னார். பள்ளிக்கூடக் குழுப்படம் ஒன்றில் தம்பியை மட்டுமல்ல, இன்னும் நான்கு பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் காட்டினார். அதில் இருவர் இன்று இல்லை. அவர்களின் வீட்டாருக்கும் அந்தப் படம் போய்ச் சேர்ந்தது.

கலியாணவீட்டுக் காணொளி முதல் சில நிமிடங்கள்தான் ஓடியது. பந்தல் கட்டும் இடத்தில் தம்பி யாரையோ கூப்பிடுகிறார். அந்தக் குரல் வந்திருக்கிறது. தாலி கட்டும் இடம் வரவில்லை. “அது காணும்” என்றார் அக்கா.

மென்பொருள் கோப்பை மீட்கும். படத்தில் இருப்பது யார் என்பதை ஆட்கள்தான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லக்கூடிய அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் வயதாகிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் இருந்த தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். படம் எடுத்தபோது யார், எங்கே, எந்த ஆண்டு என்பதை இன்றே கேட்டு எழுதிவையுங்கள்.

கடைக்குக் கொடுப்பதென்றால்

உடற்பழுது என்றால் தூசற்ற அறை வசதி உள்ள மீட்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். சாதாரணக் கணினித் திருத்தும் கடைக்கு அது முடியாது. கொடுக்கும் முன் நான்கு விடயங்களைக் கேளுங்கள்: முழுப் பிரதி எடுத்துத்தான் வேலை செய்வீர்களா? பார்வையிடக் கட்டணம் எவ்வளவு? மீட்க முடியாவிட்டால் எவ்வளவு? வேலை முடிந்ததும் உங்களிடம் உள்ள பிரதியை அழிப்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். டிஸ்க்கின் தொடரிலக்கத்தையும் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். டிஸ்க்கைத் திறப்பவர் உள்ளே உள்ள எல்லாவற்றையும் பார்ப்பார். வாக்குமூலங்கள், பெயர்ப் பட்டியல்கள், போராட்டப் படங்கள் இருந்தால் அவை உங்களுடைய பாதுகாப்பு மட்டுமல்ல, அதில் உள்ள மற்றவர்களின் பாதுகாப்பும்கூட. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்து பழகிய எங்களுக்கு இதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. முடிந்தால் பக்கத்தில் இருந்து வேலையைப் பாருங்கள். அப்படியான கோப்புகளைக் கடவுச்சொல்லுடன் குறியாக்கம் செய்து வைப்பது நல்லது. ஆனால் அந்தக் கடவுச்சொல் தொலைந்தால் எந்த நிபுணராலும் மீட்க முடியாது. அதை நம்பிக்கையான இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள்.

ஆதாரமாக வேண்டுமானால்

ஒரு படமோ காணொளியோ நாளை விசாரணை ஒன்றில் தேவைப்படலாம் என்றால் மூலக் கோப்பைத் திருத்தாதீர்கள், வெட்டாதீர்கள், பெயரிட வேண்டுமானால் பிரதிக்கு இடுங்கள். சனல் 4 ஒளிபரப்பிய காணொளியை 2010 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் நியமித்த நிபுணர்கள் ஆராய்ந்தபோது, கோப்புக்குள் பதிவாகியிருந்த திகதியும் கேள்வியாக வந்தது. கோப்புக்குள் உள்ள சிறு விபரமும் அப்படிப் பார்க்கப்படும்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, எடுத்த திகதி போன்ற உள்விபரங்களும் போய்விடும். ஆவணமாக அனுப்புங்கள். முடிந்தால் கோப்பின் ‘எஸ்எச்ஏ-256’ குறியீட்டையும் எழுதிவையுங்கள். அது கோப்பின் கைரேகை மாதிரி. உள்ளே ஒரு பைட் மாறினாலும் அந்தக் குறியீடு மாறிவிடும். 7-ஸிப் என்ற இலவச மென்பொருளை நிறுவினால் வலது கிளிக்கிலேயே அதைப் பார்க்கலாம்.

டிஸ்க் நன்றாக இருக்கும்போதே

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையிலான நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை அதோடு முடிந்துவிட்டன. 2005இல் நூலகம் என்ற எண்ணிம நூலகம் தொடங்கியதன் பின்னால் இருந்த கவலையும் அதுதான். ஒரு வீட்டின் நினைவுக்கும் அதே விதி: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். ஒன்று வீட்டு டிஸ்க்கில், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று வெளிநாட்டிலுள்ள சகோதரத்திடம். கூகுள் கணக்கு ஒன்றுக்கு 15 ஜிபி இலவசம். ஸ்கேன் செய்த குடும்பப் படங்களுக்குப் பெரும்பாலும் அது போதும்.

பென் டிரைவை மட்டும் நம்பி வைக்காதீர்கள். அதிலும் நம்ப முடியாத மலிவு விலைக்கு இணையத்தில் விற்கும் 2 டிபி பென் டிரைவுகள் பல போலி. பெரிய அளவைக் காட்டிவிட்டு, உண்மையான கொள்ளளவு முடிந்ததும் அதற்கு மேல் எழுதுவதைத் தொலைத்துவிடும். எஸ்எஸ்டி டிஸ்க்குகளில் அழித்த கோப்பைச் சாதனமே பின்னணியில் துடைத்துவிடக்கூடும் என்பதால் மீட்கும் வாய்ப்புக் குறைவு. ஹார்ட் டிஸ்க்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொருகித் திறந்து பாருங்கள். ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் நீல நிறத்துக்குப் பதிலாக மஞ்சளோ சிவப்போ காட்டினால் அன்றே பிரதி எடுங்கள்.

பையில் பொலித்தீன் சுற்றியிருக்கும் அந்த டிஸ்க்கை இந்த வாரமே எடுத்து, திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் இரண்டாவது பிரதியை எடுங்கள். திறக்காவிட்டால், கணினி என்ன கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இந்தக் கட்டுரையை முதலிலிருந்து வாசியுங்கள்.